குலோபந்தின் கொக்கி

வடக்கே எங்கள் மலையில் ஒரு பெண்ணின் கழுத்து பெருத்தால் அது முதலில் தெரியவருவது தையல்காரருக்குத்தான். குலோபந்து என்று நாங்கள் போட்டுக்கொள்ளும் நகை சிவப்பு வெல்வெட் பட்டையில் சதுரம் சதுரமாகத் தங்கம் வைத்துத் தைத்தது. கழுத்தை ஒட்டிக் கிடக்கும், பிடரியில் கொக்கி. கல்யாணத்துக்கும் ஹோலிக்கும் அது இல்லாமல் எந்த மருமகளும் வாசலைத் தாண்ட மாட்டாள். கொக்கி எட்டாமல் போனால் கடைத்தெருவுக்குக் கொடுத்தனுப்பி ஒரு விரற்கடை வெல்வெட் சேர்த்துத் தைத்து வாங்கிக்கொள்வோம். கழுத்து ஏன் பெருத்தது என்று யாரும் கேட்பதில்லை.

சருலியின் குலோபந்து மூன்றாம் தடவையாகத் தையலுக்குப் போனபோது ஊரே சிரித்தது.

"புருஷன் ஹரக் சிங் வீட்டு நெய் நல்லா ஒட்டுது பாரு!"

"அடுத்த தடவ தையக்காரன் ஒரு போர்வையே சேத்துத் தைக்கணும்டி."

நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த உரிமை உண்டு. சருலியும் நானும் ஒரே குளிர்காலத்தில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். பெண்கள் ஹோலிக் கூட்டத்தில் அவள் பாட்டு, நான் டோலக். அவள் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். ஹோலி வழக்கப்படி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போகும்போது ஊரின் கீழ்க்கோடி ஆட்கள்கூட அவள் குரலுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள்.

அந்தக் குரல்தான் இரண்டு குளிர்காலமாக இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் தொண்டைக்கட்டு என்று மிளகும் துளசியும் போட்டுக் கொடுத்தோம். பிறகு மெல்ல மெல்ல ஆண்பிள்ளைக் குரலாகவே ஆகிவிட்டது. வேகமும் போயிற்று. நான் டோலக்கை எவ்வளவு இழுத்துப் பிடித்து வாசித்தாலும் அவள் பின்னால்தான் வந்தாள், வயிறு நிறைந்த எருமை ஏற்றம் ஏறுகிற மாதிரி. பேச்சும் அப்படித்தான். ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் நான் ஒரு கூடை புல் அறுத்துவிடுவேன்.

மாசி மாதம் ஒத்திகைக்குக் கூடினோம். நல்ல வெயில், முற்றத்துக் கல் சுடுகிறது. சருலி மட்டும் சால்வைக்கு மேல் சால்வை. மேல் அடியை எடுக்கப் போனாள், குரல் நடுவில் உடைந்தது. இன்னொரு முறை முயன்றாள். அப்போதும் உடைந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அன்றைக்கு அந்த வாய்கள் தாமாக மூடிக்கொண்டன. பிறகு ஒருத்தி மெதுவாக, "இந்த வருஷம் ஹேமா எடுத்துக் கொடுக்கட்டுமே, அக்கா கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றாள்.

எல்லாரும் போன பிறகு சருலி என் டோலக்கின் கயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜீவந்தி, அடுத்த ஹோலிக்கு என்னக் கூப்பிடாத."

"ஏன், உன்னப் பொண்ணு பாக்க வராங்களா?"

அவள் சிரிக்கவில்லை. "வாழ வந்த வீட்டுல என்னோடதுன்னு இருந்தது அந்தப் பாட்டு ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் யாருடி?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வரும், என் பிறவி அப்படி. நேரே அவள் மாமியாரிடம் போனேன். கிமுலி அத்தை எப்போதும்போல் அடுப்போரம் ஸ்வெட்டரோடு சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தாடைக்குக் கீழே அவளுக்கும் ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குக் கழுத்து தொங்கும். நாங்கள் பார்த்த நாளிலிருந்தே அப்படித்தான்.

"அத்தை, சருலிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவ கழுத்தப் பாத்தீங்களா?"

கிமுலி அத்தை நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வர நேரமாயிற்று. "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கழுத்து அப்படித்தான். பிள்ள பெத்தா வரும்."

"நானும்தான் ரெண்டு பெத்தேன். எனக்குக் கொக்கு மாதிரியில்ல இருக்கு?"

அவள் திரும்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கல்லோடு பேசினாலும் எதிரொலி வரும். இந்த அம்மாளிடம் அதுவும் கிடையாது என்று அன்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் ஜீப்பில் இறங்கினோம். நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. சருலியின் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொல்லி, கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கும்போது அந்த வீக்கமும் கூடவே மேலே ஏறி இறங்கியது. பிறகு கேள்விகள்.

"குளிர் தாங்கலையா?"

"ஆமா."

"தூக்கம் தூக்கமா வருதா? மலச்சிக்கல்? முடி கொட்டுதா? தீட்டு அதிகமாப் போகுதா? சொன்னது மறக்குதா?"

எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிக்கொண்டே வந்த சருலியின் முகத்தில் பயம் கூடிக்கொண்டே வந்தது. எனக்கு வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்ததுதான். ஆலையில் மாவு அரைபடும் சத்தத்திலும் அவள் தூங்கி விழுந்ததற்குச் சிரித்திருக்கிறேன், பருப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதற்குத் திட்டியிருக்கிறேன். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தோன்றவே இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். கிளம்பும்போது டாக்டர், "வீட்டுல என்ன உப்பு?" என்றாள்.

சருலி முதல்முறையாக நிமிர்ந்தாள். அது அவளுக்குப் பெருமையான விஷயம். "கல்லுப்புதான் டாக்டர். பூண்டு, பச்சமிளகா வெச்சு அம்மியில நானே அரைப்பேன். ஊரே வந்து வாங்கிட்டுப் போகும்."

"ரேஷன்ல பாக்கெட் உப்பு கொடுக்கறாங்களே?"

"அந்தப் பொடி யாருக்கு வேணும்? எருமைக்குத்தான் வெப்போம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "அயோடின் சேர்த்த உப்பு அது. அப்போ எருமை நல்லா இருக்குமே?"

"கன்னுக்குட்டி மாதிரி ஓடுது" என்றேன் நான். அது உண்மை.

அடுத்த வாரம் முடிவு வாங்கப் போனோம். தைராய்டு சுரப்பிக்கான ஒரு எண் மிக அதிகம் என்றாள். சருலி, "அப்போ அந்தச் சுரப்பி ஜாஸ்தியா வேலை செய்யுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, கம்மியா. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்றது கழுத்துல இருக்கற இந்தச் சுரப்பிதான். அது மந்தமானா மூளை 'வேலை பண்ணு, வேலை பண்ணு'ன்னு கத்தும். அந்தக் கத்தல் அளவுதான் இந்த எண். இதுக்கு நிறைய காரணம் இருக்கலாம். ஆனா உங்க மலை மண்ணுலயும் அயோடின் கம்மி, சாப்பிடற உப்புலயும் இல்ல. கையில சரக்கு இல்லாம சுரப்பி முக்கி முக்கி வீங்கிடுச்சு."

"மாவு வாங்கித் தராம, ரொட்டி எங்கடின்னு மாமியார் கத்தற மாதிரி" என்றேன்.

"அதேதான். சிலருக்கு நேர் எதிராவும் வரும். ஆளு இளைச்சு, நெஞ்சு படபடத்து, கை நடுங்கும். அதுக்கு வைத்தியம் வேற. அதனால ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் வாங்கிப் போடக் கூடாது."

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, டீ குறைந்தது அரை மணி கழித்து. எங்கள் ஊரில் பல்லைத் துலக்குவதற்கு முன்பே டீ என்பதால் சருலிக்கு வியாதியைவிட அதுதான் பெரிய துக்கம். சாப்பாட்டுக்குப் பாக்கெட் உப்பு.

"குரல் வருமா?" சருலி கேட்டது அது ஒன்றுதான்.

"வரணும். மெதுவா வரும். வீக்கம் முழுசாப் போகும்னு சொல்ல முடியாது." டாக்டர் எழுதிக்கொண்டே, "வீட்டுல வேற யாருக்காவது கழுத்து இப்படி இருக்கா?" என்றாள்.

"மாமியாருக்கு இருக்கு. ஆனா அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"எப்படி இருப்பாங்க?"

"அவங்க சுபாவம் அப்படி. யார்கூடவும் பேச மாட்டாங்க. கேட்டா பதில் வர நேரமாகும். அடுப்ப விட்டு நகர மாட்டாங்க. ஜூன் மாசத்துலயும் ஸ்வெட்டர்…"

சருலி நிறுத்திவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எங்களுக்கோ தினம் எதிரில் உட்கார்ந்திருந்த முகமே தெரியவில்லை. கல் என்று திட்டினேனே என்று எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கிமுலி அத்தையைக் கூட்டிப் போவது லேசான காரியமாக இல்லை.

"இந்த வயசுல சுபாவத்துக்கு மாத்திரையா?" என்றாள்.

சருலி அவள் காலடியில் உட்கார்ந்தாள். வாழ வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாதவள். "அத்தை, நீங்க என்னப் பிடிக்காமத்தான் பேசலேன்னு நெனச்சு நான் நிறைய அழுதிருக்கேன். போன வருஷம் எனக்கே பேச முடியாமப் போனப்போ, என் புள்ளைங்களும் அப்படித்தான் நெனச்சிருக்கும். வாங்க அத்தை."

கிமுலி அத்தை அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். பிறகு, "செருப்பு எங்க கெடக்குன்னு பாரு" என்றாள்.

அத்தைக்கு எண் சருலியுடையதைவிட அதிகமாக இருந்தது. எத்தனை வருஷமாக இப்படி என்று சொல்ல முடியாது என்றாள் டாக்டர். வயசைப் பார்த்து மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்து மெல்லக் கூட்டினாள். விடியலில் மாமியாரும் மருமகளும் மாத்திரையை விழுங்கிவிட்டு, டீக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். வேறு வேலை இல்லாததால் பேச ஆரம்பித்தார்கள். சருலி இப்போது பாக்கெட் உப்பில் பூண்டு வைத்து அரைக்கிறாள். முன்பு இருந்த ருசி இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சரி, எந்த உப்பு என்று பெரியவர்கள் சொல்லாமல் போய்விட்டார்கள்.

அடுத்த ஹோலிக்குச் சருலியின் முற்றத்தில்தான் கூடினோம். கழுத்து கொஞ்சம் வற்றியிருந்தது, ஆனாலும் குலோபந்தின் கொக்கி எட்டவில்லை. பிடரியில் நூல் போட்டுக் கட்டினேன். அவள் முதல் அடியை எடுத்தாள். பழைய குரல் முழுசாக வரவில்லை, ஆனால் உடையவில்லை. மேல் அடிக்குப் போகும் இடத்தில் பயந்துபோய்க் கொஞ்சம் தாழ்த்தி எடுத்தாள்.

"அங்க இறங்காதடி, மேல எடு."

வாசலில் கிமுலி அத்தை நின்றுகொண்டிருந்தாள், ஸ்வெட்டர் இல்லாமல். சொன்னதோடு நிற்கவில்லை. அந்த அடியைத் தானே எடுத்துப் பாடினாள். கரகரத்த குரல்தான், ஆனால் சுருதி அச்சுப் பிசகவில்லை. சருலி அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். என் கை பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது, கண்ணைத் துடைக்க முடியவில்லை.

தட்டில் குஜியா இனிப்பை ஏந்திக்கொண்டு உள்ளேயிருந்து வந்த ஹரக் சிங் அப்படியே நின்றுவிட்டான். தலை நரைக்கத் தொடங்கிய ஆள், அத்தைக்கு ஒரே பிள்ளை. என் பக்கம் குனிந்து, சின்னப் பையன் மாதிரி மெதுவாகக் கேட்டான்:

"ஜீவந்தி அண்ணி, எங்கம்மாவுக்குப் பாடத் தெரியுமா?"