பின்கால் இரண்டும் ஒன்பது அங்குலம்

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அருணாசலம் துறையூரில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அடிவாரத்துப் புளியஞ்சோலை வழியாக மலையேறி வந்திருந்தார். முழங்கால்களைத் தேய்த்தபடியேதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். அந்த வலி பிள்ளைகளின் மார்க்கில் இறங்கிவிடுமோ என்று எனக்குப் பயம்.

அது 1941, மாசி மாதம். மலைமேல் திருப்புலி நாட்டில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் நான் ஒருவன்தான். முந்தைய ஆனியில் கைத்தொழில் வகுப்புக்கென்று ஒரு பெட்டி வந்தது. ரம்பம், சுத்தியல், இரண்டு உளி, ஓர் அடிக்கோல். கூடவே ஒரு படம்: நாலு கால் ஸ்டூல், உயரம் ஓர் அடி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரும் ஆளுக்கொன்று செய்ய வேண்டும். நாலு பேராவது தேறாவிட்டால் பெட்டி மலையிறங்கி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அதனால் பிள்ளைகள் தினமும் வந்ததும் பெட்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து பித்தளையில் ஒரு ரசமட்டம் எடுத்தார். அதன் கண்ணாடிக்குள் ஒரு குமிழி ஓடியது. குமிழி நடுவில் நின்றால் பலகை சமம். பிள்ளைகள் ஸ்டூல்களை மறந்து குமிழியைப் பார்க்க முண்டியடித்தார்கள்.

முதல் மூன்று பேர் தேறினார்கள். அடுத்த இருவருக்கு இணைப்பு இளகியிருந்தது; தேறவில்லை. மாரப்பனுடைய ஸ்டூல் தொட்டதுமே ஆடியது.

"என்னடா இது?"

"உசுரோட இருக்குதுங்க ஐயா, அதான் ஆடுது."

"அப்ப நல்லா சாப்பாடு போட்டு வளர்த்து அடுத்த வருஷம் கொண்டா" என்று சொல்லி அவர் சுழி போட்டார்.

மிச்சம் கண்ணாயி ஒருத்தி. அவள் ஸ்டூலைத் தரையில் வைத்ததும் அது பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடிக்கோல் வைத்தார். முன்கால்கள் பன்னிரண்டு அங்குலம். பின்கால்கள் ஒன்பது. குமிழி ஒரு கோடிக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அவர் என் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"என்ன வாத்தியாரே, ஆடி மாசம் இவளுக்கு எட்டு மார்க் போட்டிருக்கீர். நாலு காலும் சரி அளவுன்னு எழுதியிருக்கு. முன்னேற்றம்ங்கிற பத்தியை மட்டும் காலியா விட்டிருக்கீர்?"

ஆடியில் அது சரியாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு எடுத்துப் போனவள், பிறகு ஒரு நாள் காட்டக் கொண்டுவந்துவிட்டு மறுபடி எடுத்துப் போனாள்; அப்போதே பின்கால்கள் குறைந்திருந்தன. வீட்டில் யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். நான் ஏதாவது கேட்பேன் என்று அவளும் காத்திருந்தாள் போலிருக்கிறது. பின்னுக்குப் போனவர்களுக்கு அந்த ரிஜிஸ்டரில் பத்தி கிடையாது. அதனால் ஒன்றும் எழுதவில்லை. சும்மா இருப்பதை நிதானம் என்று எண்ணிக்கொள்வது என் வழக்கம்.

"பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

யாரும் அசையவில்லை. மாரப்பன் மட்டும் போய், இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்காக வாசலில் எடுத்து வைத்திருந்த பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"கண்ணாயி, காலை ஏன் அறுத்தே?" என்றேன். நாலு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஆத்தாளுக்கு முட்டி வலிங்க. குந்த முடியாது. ஊட்டு முன்னால ஸ்டூலைப் போட்டுத்தான் கேவுரு புடைக்குது. மொதல்ல உக்காந்தப்ப மொறத்தோட உருண்டுபோச்சுங்க."

"ஏன்?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சரிவுங்க" என்றாள். இது தெரியாத ஆளும் உண்டா என்பது போல இருந்தது அந்தக் குரல்.

எனக்குத் தெரியத்தான் தெரியாது. நான் சமவெளிக்காரன். எங்கள் ஊரில் எதையும் கீழே வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும்.

"பள்ளத்துப் பக்கம் ரெண்டு காலுக்கும் கல்லு குடுத்தேன். கல்லு நழுவிடுச்சு. அப்புறம் கல்லு எத்தன உசரமோ அத்தனைய மேட்டுப்பக்கக் காலுல அறுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் அடிக்கோலை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வீடு எங்கே?" என்றார்.

"அந்தப் பாறைக்கு அந்தாண்டைதானுங்க."

எல்லோரும் போனோம். ஸ்டூலைக் கண்ணாயி தலையில் வைத்துக்கொண்டாள். அவள் அம்மா பெருமாயி எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, பள்ளிக்கூடமே எந்திரிச்சு வருது! ஸ்டூலைக் குடுக்கத்தானுங்களே? காலையிலிருந்து நின்னுக்கிட்டே புடைக்கறேன்."

வீட்டுவாசல் நல்ல சரிவு. கண்ணாயி நெட்டைக் கால்களைப் பள்ளத்துப் பக்கம் வைத்து ஸ்டூலைப் போட்டாள். இன்ஸ்பெக்டர் ரசமட்டத்தை அதன்மேல் வைத்தார். ஏழு தலைகள் குனிந்தன. குமிழி இங்கும் அங்கும் போய்விட்டு, நடுவில் வந்து நின்றது.

"நின்னுடுச்சு!" என்று மாரப்பன் கத்தினான்.

இன்ஸ்பெக்டர் அதை நம்பாதவர் போல ரசமட்டத்தை எடுத்துவிட்டுத் தாமே உட்கார்ந்து பார்த்தார். கால்களை நீட்டினார். முகம் மெல்லத் தளர்ந்தது. பெருமாயி ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைப் பக்கத்தில் வைத்தார். அது உருண்டு போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

"இதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தா என்ன ஆகும்?"

"புளியஞ்சோலைக்கே போயிடலாமுங்க" என்றாள் கண்ணாயி. "நடக்க வேண்டியதில்லை."

அவர் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. உட்கார்ந்தபடியே ரிஜிஸ்டரை வாங்கி, "அளவு: படத்துக்கு மாறு. உபயோகம்: மிகத் திருப்தி. தேர்ச்சி" என்று எழுதினார். முன்னேற்றப் பத்தியை என் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார்.

முதலில் நேராகச் செய்தாள், பிறகு கல் வைத்தாள், பிறகு அறுத்தாள் என்று எழுதினேன். பத்தி போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன்.

அதற்குள் மாரப்பன் ஓடிப்போய்த் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். "என்னதும் சரிவுக்குச் செஞ்சதுதானுங்க ஐயா!" என்று போட்டான். அது ஒரு கணம் நின்றது. அவன் முகம் மலர்ந்தது. பிறகு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு மிளகுக்கொடி மரங்களுக்குள் போய் மறைந்தது.

"உசுரோடதான் இருக்குது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, எந்திரிக்கறீங்களா? எம் பொழப்பு கெடக்குது" என்றாள் பெருமாயி. மனமில்லாமல் எழுந்தார்.

நாங்கள் திரும்பியதும், கட்டாத கயிற்றை ஒருத்தி சுருட்டி வைத்தாள். பெட்டியை வாசலிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு ஆள் தூக்கக்கூடிய பெட்டிதான். ஏழு பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.