கேணி திருப்பித் தந்த பேனா

கேணி விழுங்கியதை ஒவ்வொன்றாகத்தான் திருப்பித் தந்தது. முதல் வாரம் ஒரு பித்தளைச் செம்பு. கல்யாணமான வருஷம் பவுனம்மாள் கைநழுவ விட்டது. அடுத்த வாரம் யாருடையதோ ஒற்றைக் கொலுசு. தண்ணீர் இறங்க இறங்கப் பாறையில் உளித் தழும்புகள் தெரிந்தன. கேணி வெட்டியபோது கல் சுமந்தவள் அவள். தன் தோளையே பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே நெல் பால் பிடித்து நின்றது. இன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன், எண்பத்து நாலில், இங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான் பயிர். வோல்டேஜ் பற்றாது. பக்கத்துக் கழனி சாந்த் பாஷா மோட்டார் போட்டால் இவள் மோட்டார் முனகும். அதனால் முறை வைத்திருந்தார்கள். ஆளுக்கு நாலு மணி நேரம். யார் முறையோ அவர் கரண்டு கம்பத்தில் சிவப்புத் துணி கட்டுவார். அப்போதுதான் மின்சார ஆபீஸ் ரங்கநாதன் புது டிரான்ஸ்பார்மருக்காகக் கணக்கெடுக்க வந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தினி மணி நேரம் ஓட்டுறீங்க?"

"நாலு."

எழுதிக்கொண்டு, ஆழம் பார்க்கக் குனிந்தவர் பேனாவைக் கேணிக்குள் நழுவவிட்டார்.

புது டிரான்ஸ்பார்மர் வந்த அன்று தண்ணீர் தும்பிக்கை கணக்காகப் பாய்ந்தது. வாய்க்காலில் கோட்டை மலை தலைகீழாக மிதந்தது. அதன் உச்சியில் கால் வைத்து நின்றாள் பவுனம்மாள். அன்றைக்கே அவள் மனசு நெல்லுக்குப் போய்விட்டது. சாந்த் பாஷாவின் மனசு கரும்புக்கு. துணியை யாரும் தேடவில்லை.

இன்று ரங்கநாதன் மறுபடி வந்திருந்தார்.

"நல்ல வோல்டேஜ்ல நாலு மணி நேரத் தண்ணி ரெண்டு மணியில ஏறிடும், பாதி கரண்ட் மிச்சம்னு எழுதிக் குடுத்தேன். இப்ப முன்னவிட மூணு பங்கு இழுக்குது. நீங்கதான நாலுன்னு சொன்னீங்க?"

"முறை நாலு சார். போதும்னா சொன்னேன்? அத நீங்க கேக்கவே இல்லியே."

அவர் காகிதத்தில் அந்த நாலைத் தேடினார்.

அவள் கேணிக்குள் இறங்கினாள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டிய குழாய் முனை, புட்வால்வு, பாதி வெளியே தெரிந்தது. சேற்றில் அவர் பேனா. பாறையில் காது வைத்தாள். சாந்த் பாஷாவின் மோட்டார் கல்லுக்குள்ளிருந்து, தூக்கத்தில் கேட்பதுபோல, ம்ம்ம் என்றது. அந்தச் சத்தத்தோடு ஊற்றுக்கண்ணின் ஈரம் பின்வாங்கிற்று.

மேலேறி, பேனாவை அவர் கையில் வைத்தாள். பழைய சிவப்புச் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கம்பத்தில் கட்டினாள்.

சாந்த் பாஷா வந்தார். "இன்னாக்கா, திருவிழாவா?"

"எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "என்னுதும் இப்பிடித்தான் கீது. கரும்பு வெச்சிட்டனேக்கா."

"நான் நெல்லு வெச்சிட்டேன். ரெண்டு பேருக்கும் புத்தி அவ்ளோதான்."

தன் மோட்டார் பக்கம் நடந்து போனார். ம்ம்ம் நின்றது.

கேணி ஊற வெகுநேரம் ஆனது. பொழுது சாயும்போது அவள் மோட்டாரைப் போட்டாள். வந்த தண்ணீர் கழனியின் மேல் பாதிக்குத்தான் காணும். மண்வெட்டி எடுக்கவில்லை, காலாலேயே மண்ணைத் தள்ளிக் கீழ் மடையை அடைத்தாள்.

கீழ் பாதி நெல்லுக்கு இன்னும் விஷயம் தெரியாது. காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது.