எரிந்துகொண்டுதான் இருந்தது

1

"லைட்டு அணைய மாட்டேங்குது, ரத்தினம்."

"எரியட்டும்ணே. காட்டிக் குடுக்குதுல்ல? காட்டாம இருந்தாத்தான் பயம்."

"அதுவுஞ் சரிதான்" என்றவர், அதற்குமேல் பேசவில்லை.

இந்தக் கதை அந்த மூன்று வரியிலிருந்து வந்தது. தொண்ணூற்றிரண்டில், பாளையம்பட்டியில் மெக்கானிக் ரத்தினத்தின் ஒர்க்‌ஷாப்பில் என் மொபெட்டுக்காகக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. லைட்டைப் பற்றிச் சொன்னவருக்குப் பக்கத்தில் நின்றது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். அவர் ஏன் அப்படி வாயடைத்துப் போனார் என்று எனக்குத் தெரியாது. மீதி எல்லாம் நான் கட்டியது. அவருக்கு ராஜகுரு என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதல் தொடக்கம்: 'வறண்ட கரிசல் மண்ணில் அந்த ஜீப் ஒரு...' வேண்டாம்.

இரண்டாவது: 'ராஜகுருவின் மனைவி ராமலட்சுமிக்குச் சிவப்பு நிறமே ஆகாது.' பொய். அவள் பெட்டியில் பாதி சிவப்புச் சேலைதான்.

மூன்றாவது நிற்கட்டும்: ராமலட்சுமி அந்த ஜீப்புக்குப் பொட்டு வைப்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன.

3

அதற்கு முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாது. சந்தனம் குழைத்து ஸ்டியரிங் நடுவில் ஒன்று, மீட்டர் பலகையில் ஒன்று, அதன்மேல் குங்குமம். அந்த வெள்ளிக்கிழமை, மாமியார் சுந்தராம்பாளுக்கு நெஞ்சுவலி என்று திருச்சுழியிலிருந்து ஆள் வந்தது. புறப்படுகிற அவசரத்தில் கை போன இடத்தில் அப்பினாள். அது சார்ஜ் விளக்கின் சிவப்புக் கண்ணாடி.

[சாவி போட்டால் அந்த விளக்கு எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் டைனமோ பாட்டரிக்குக் கரண்ட் அனுப்பவில்லை என்று பொருள். மொபெட்டைத் துடைத்துக்கொண்டே ரத்தினம் எனக்குச் சொன்னது.]

அன்று டைனமோவுக்குள் கரண்ட் எடுக்கிற கார்பன் கட்டை தேய்ந்து போயிருந்தது. விளக்கு சந்தனத்துக்கு உள்ளேயே எரிந்தது. பொட்டு எல்லார் கண்ணிலும் படும். யார் கவனத்திலும் படாது. அம்மாவை ராஜகுரு ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஹெட்லைட் மங்கியது. ஹாரன் முனகியது. வேலிக்கருவைக்கு நடுவே வண்டி நின்றது.

"ஏன்த்தா நிக்கிது?" என்று கேட்டாள், மருமகள் மடியில் தலைவைத்திருந்த சுந்தராம்பாள்.

"இந்தா கெளம்பிரும் அத்தை."

கிளம்பவில்லை. சுந்தராம்பாள் போய்விட்டாள்.

(முதலில் அந்த மடியில் ஒரு குழந்தையை வைத்து எழுதினேன். கை வரவில்லை.)

4

துக்க வீட்டில் பெரியப்பா பால்ச்சாமி சத்தம் போட்டார். "ஏலே, செவப்பு லைட்டு எரிஞ்சிருக்கும்னு மெக்கானிக்கு சொல்றான். ஒங் கண்ணு கல்லாப்பெட்டியிலயா இருந்துச்சு?"

"எரிஞ்சுச்சு பெரியப்பா. நாந்தான் பாக்கல."

அடுப்படியில் இருந்த ராமலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. யாருமில்லாத நேரம் பார்த்துப் போய், முந்தானையால் அதைத் துடைத்தாள். கண்ணாடியைச் சுற்றிய வளையத்துக்குள் காய்ந்து கிடந்தது மட்டும் வரவில்லை.

அதன்பிறகு எந்த விசேஷ வீட்டிலும் ராஜகுருவுக்கு ஒரு குத்து உண்டு. "மாப்ள, லைட்டப் பாத்துப் போங்க!" அவன் சிரித்துக்கொள்வான். அவள் இலையை மூடிவிடுவாள். 'நான்தான்' என்ற சொல் தொண்டை வரை வரும். சொன்னால் அவன் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? தண்ணீரைக் குடித்து அதை உள்ளே அனுப்புவாள்.

ஜீப்பில் எந்தப் பழுதென்றாலும் ரத்தினம் பார்ப்பான். அந்த விளக்கை மட்டும் ராஜகுரு தொடவிட மாட்டான். "அத நானே பாத்துக்கிறேன்ப்பா."

பொட்டை ஏன் நிறுத்தினாய் என்றும் அவளை அவன் கேட்டதில்லை. இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம். இத்தனை வருடம் கேட்காமல் இருக்கிற கணவன் உண்டா? குழம்பில் உப்புக் குறைந்தால்கூடக் கேட்கிறவன்தானே—

5

முடிவு ஒன்று: அவள் அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். என் கதைகளில் வழக்கமாக அப்படித்தான் நடக்கும். இவள் மாட்டேன் என்கிறாள். பேசவைத்து எழுதினால், "கடைக்கு நேரமாச்சு, சாப்பிடுங்க" என்கிறாள்.

முடிவு இரண்டு: ஜீப்பை வீரசோழன் ஊர்க்கார வியாபாரி ஒருவருக்கு விற்றுவிடுகிறார்கள். வண்டி போகும். வளையத்துக்குள் காய்ந்தது போகாது. அடித்துவிட்டேன்.

6

மிச்சம் இருப்பது இதுதான்.

அந்த மூன்று வரிப் பேச்சு முடிந்து, ரத்தினம் புதுக் கார்பன் போட்டுக் கொடுத்த மறுநாள். வெள்ளிக்கிழமை காலை. ராஜகுரு சாவியைத் திருப்பினான். சிவப்பாய் எரிந்தது. இன்ஜின் பிடித்தது.

"அணைஞ்சிருச்சா?" வாசலில் தூக்குவாளியோடு நின்றவள் கேட்டாள்.

"அணைஞ்சிருச்சு."

அவன் கியர் போடவில்லை. விரல் அந்த வளையத்தைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தது. அவள் அந்த விரலைப் பார்த்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் இல்லை. அவன் கேட்டது மட்டும் இருக்கிறது.

"இந்தா, ராமலச்சுமி. கொஞ்சம் சந்தனம் கொழச்சுக் கொண்டா. பழையபடி வண்டிக்குப் பொட்டு வையி. இந்தச் செவப்புக் கண்ணாடிய மட்டும் விட்டுட்டு."