இனம் என்ற கட்டம்

நேற்றுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒப்புதல் பாரங்கள் அத்தனையும் இன்று காலை திரும்பி வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ‘இனம்’ என்ற காலிக் கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தான் சர்க்கார் அலுவலகத்துக் குமாஸ்தா. பேராயரே தன் கையால் நிரப்ப வேண்டுமாம்.

பேராயர் ஹெஸ்கெத் கோயில் அறையில் உட்கார்ந்து அந்தச் சுழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரவில்லை. வந்தால் தேவலை என்றிருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கட்டும் என்று சொல்லி, பாதி வெள்ளைச் சபையை இழந்தவர் அவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் இனம் கேட்கும் பத்தியைக் கோடு போட்டு அடித்தவர். இருபத்திரண்டு வருஷம் வாய் கிழியப் பேசி என்ன கண்டது? இந்த இடம் இனி வெள்ளையருக்கு மட்டும் என்று சர்க்கார் உத்தரவு; வியாழக்கிழமை லாரிகள் வந்து கறுப்பர் ஊரையே அள்ளிக்கொண்டு போகும். மறுநாள் புல்டோசர் வரும். அதற்குள் பேராயர் ஒப்பம் கொடுத்தால்தான் கோயில் கல்லறைத் தோட்டத்துப் பிணங்களைத் தோண்டிப் புது இடத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே இடுகாட்டிலும் கறுப்பருக்குள்ளேயே இனத்துக்கு ஒரு வரிசை.

மாதர் சங்கத்துத் தலைவி புலெங் உள்ளே வந்து, குவியலிலிருந்து தன் பாரத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். அவள் மகன் மொலெஃபி மூன்றே நாள் உயிரோடிருந்தவன். அன்று இங்கே சாதாரண பாதிரியாராக இருந்த ஹெஸ்கெத்தான் ஓடிப்போய், தேநீர்க் கோப்பைத் தண்ணீரில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

“இதை எழுத மாட்டேன்னு பிரசங்கத்துல சொல்லியிருக்கேன்மா.”

“கேட்டேன் ஐயா. முதல் வரிசையில உக்காந்து கைகூடத் தட்டினேன். இப்ப எம்புள்ள மேல மிஷினை ஓட்டுவானே?”

அவர் பாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஜூலுன்னு எழுதுங்க. இங்க புதைக்கக் கூடாதுன்னுட்டாங்க, அவங்கப்பா அங்க ஜூலு வரிசையிலதான் கிடக்காரு, ரெண்டு வருஷமா. பக்கத்துல போடட்டும். அந்த மனுசனுக்குத் தனியாத் தூங்கிப் பழக்கமே இல்ல.”

“நீங்க?”

“நான் சோத்தோ. எனக்கு வேற வரிசை. ரோட்டுக்கு அந்தப் பக்கம்.” கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உயிரோட இருக்கிற வரைக்கும் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பாத்துக்கறேன். எழுதுங்க ஐயா, வெளிய ஆளுங்க நிக்கறாங்க.”

அவர் எழுதினார். தவறு செய்கிறோம் என்றோ, ஒரு தாய்க்கு உதவுகிறோம் என்றோ தோன்றவில்லை. எழுத்து கோணாமல் கட்டத்துக்குள் அடங்கியது. வழக்கம்போலப் பெயருக்கு முன் ஒரு சிலுவை போட்டுக் கையெழுத்திட்டார். புலெங் மையை ஊதி ஊதி உலர்த்தி, தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே போனாள்.

கதவு மறுபடி திறந்தது. யாரோ வந்து நின்ற நிழல் மேஜைமேல் விழுந்தது. பேராயர் பேனாவை மையில் தோய்த்தார்.

“என்ன இனம்?” என்றார், தலை நிமிராமல்.

கேட்ட பிறகுதான் அவர் நிமிர்ந்தார். முப்பது வருஷமாகக் கோயில் மணி அடிக்கிற கிழவர் ரமொக்கோபா, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.