இரண்டாவது கேட்

ஒன்பது வருஷம் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போன புருஷன் பெண்டாட்டியை அந்தக் கம்பெனி ஒரே ஒரு கடிதத்தில் பிரித்து வைத்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவளுக்குப் பதவி உயர்வு வந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர்க் குழாய்களுக்குப் பித்தளை வால்வு செய்கிற கம்பெனி. கணவர் லேத்தில் வால்வு கடைகிறவர். அவள் அதை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று பிரிக்கிறவள். கால் மில்லிமீட்டர் கூடினாலும் கண்ணாலேயே சொல்லிவிடுவாள் என்பதால் ஷெட்டில் எல்லோருக்கும் அவள் ‘மில்லி’. மூன்று வருஷம் மாலை வகுப்புக்குப் போய், கண் எரியப் படித்து டிப்ளமா வாங்கினாள். அதன் பலனாக இப்போது தர ஆய்வுப் பிரிவில் ஆபீசர். மாடியில் மேஜை, சுழல் நாற்காலி, கழுத்தில் நீல நாடாவுக்குப் பதில் வெள்ளை நாடா.

தொழிலாளர் பஸ் காலை ஆறு மணிக்கு. ஸ்டாஃப் பஸ் எட்டு மணிக்கு. சாயங்காலம் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஸ்டாஃப் பஸ் முதல் கேட் வழியாக நேரே வெளியே போய்விடும். தொழிலாளர்கள் இரண்டாவது கேட்டில் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, கையைத் தூக்கித் தடவ விட்டு, அதற்கப்புறம்தான் பஸ் ஏற வேண்டும். முதல் நாள் பழக்கதோஷத்தில் அவள் ஸ்டாஃப் பஸ் படியிலேயே பை ஜிப்பைத் திறந்துகொண்டு நின்றாள்.

“என்ன மேடம், டிக்கெட் தேடுறீங்களா?” என்றார் டிரைவர்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மேல போயிட்ட. இனிமே எங்களைக் குனிஞ்சுதான் பாக்கணும்.”

“மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மேனேஜரே சொன்னாரு, இங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு. படி இருந்துச்சு, ஏறினேன். நீங்களும் படிச்சிருந்தா ஏறியிருப்பீங்க.”

“எல்லாரும் ஏறிட்டா லேத்தை யாரு ஓட்டுறது?”

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அரிசி போட எழுந்து போனாள்.

பதவி வந்து இருபது நாள் ஆகியிருக்கும். அவளுடைய மேஜை இழுப்பறைக்கு இன்னும் சாவி வரவில்லை. அளவு பார்க்கிற வெர்னியர், எஃகில் செய்த விலை உயர்ந்த சாமான், அதைத் திறந்த இழுப்பறையில் போட மனசு வராமல் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். அப்படியே மறந்து வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டாள். இருவர் பையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய கறுப்பு ரெக்ஸின் பைகள். மறுநாள் விடியற்காலை அவசரத்தில் கணவர், வழக்கம்போல் டப்பாவை வைத்து, அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆபீசுக்குப் போய்ப் பையைத் திறந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெர்னியர் இல்லை. பக்கத்து மேஜை உதவி மேனேஜரிடம் மென்று விழுங்கிச் சொன்னாள்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக் கூடத் திருப்பவில்லை. “வீட்டுல இருக்கும், நாளைக்குக் கொண்டு வாங்க மேடம். என் வீட்டுல கம்பெனி ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு ரெண்டு வருஷமா கிடக்குது. என் பொண்டாட்டி அதாலதான் டப்பா மூடியெல்லாம் நெம்புறா.”

அவளுக்கு உயிர் வந்தது. அதோடு வேலையில் மூழ்கிப்போனாள்.

சாயங்காலம் ஸ்டாஃப் பஸ் முதல் கேட்டைத் தாண்டித் திரும்பியபோது, ஜன்னல் வழியே இரண்டாவது கேட் தெரிந்தது. வரிசை நகராமல் நின்றது. சோதனை மேஜைமேல் ஒரு கறுப்புப் பை தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. சற்றுத் தள்ளி, சுவர் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு கணவர் நின்றார். ஷெட் ஆட்கள் அவ்வளவு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடினாள்.

செக்யூரிட்டி அதிகாரி அவளை வழியிலேயே மறித்தார். “நீங்க போங்க மேடம். திருட்டு கேஸ். கம்பெனி வெர்னியரைப் பையில போட்டுக் கொண்டு போறான். எப்படி வந்துச்சுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான்.”

“அது என் வெர்னியர். என் பை. நேத்து நான்தான் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவரு என் வீட்டுக்காரரு. பை மாறிப்போச்சு.”

அதிகாரியின் முகம் ஒரு நொடியில் வேறு முகமாயிற்று. “அட, உங்களோடதா? அப்ப ஒண்ணும் இல்ல மேடம். முன்னாடியே சொல்லியிருக்கலாமே.” கொட்டிக் கிடந்த டப்பாவையும் கரண்டியையும் அவரே பொறுக்கிப் பைக்குள் வைத்தார். பிறகு தயங்கினார். “ஆனா மெமோ எழுதிட்டேன். நம்பர் போட்டு மேல அனுப்பியாச்சு. மூணு நாள் உள்ள விட முடியாது. நீங்க நாளைக்கு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் கணவர் கை கால் கழுவிக்கொண்டு, துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். விரல் இடுக்கில் எண்ணெய்க் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது.

“மத்தியானம் சாப்பிட உக்காந்தப்பதான் பாத்தேன்” என்றார். “மாடிக்கு வரலாம்னா அனுமதிச் சீட்டு இல்லாம விட மாட்டாங்க. ஸ்டோர்ல குடுக்கலாம்னா, இது எப்படி வெளிய போச்சுன்னு கேப்பாங்க. அதான் பேசாம வீட்டுக்கே கொண்டு வந்து உன் கையில குடுத்துடலாம்னு...”

“கேட்ல பிடிச்சப்பவாவது என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா? உனக்கு வேலை புதுசு. ஆபீசரே திருடுறாங்கன்னு உன்னைக் கீழ இறக்கிட்டா? மூணு வருஷப் படிப்பு. எனக்கென்ன, மூணு நாள் வீட்டுல கிடந்துட்டுப் போறேன்.”

அவள் காலையில் உதவி மேனேஜர் சொன்னதையும், ஸ்க்ரூடிரைவர் கதையையும், அதிகாரியின் முகம் மாறியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மறைத்திருக்கலாம். மறைத்தால் இன்னும் கேவலம் என்று பட்டது.

அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டார். “அப்ப, உனக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது.”

“ஆகியிருக்காது.”

“நான்தான் முட்டாள் மாதிரி சுவரோரமா நின்னேனா?”

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இருவருக்குமே இறங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர்தான், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். “உங்க வீட்டுக்காரர்னு தெரியாமப் போச்சு. கிழிச்சுப் போட்டுடலாம்” என்று மெமோவைக் கையில் எடுத்தார்.

“என் வீட்டுக்காரர்ங்கிறதுக்காகக் கிழிக்காதீங்க சார்.”

“பின்ன?”

“அவர் எதையும் திருடலைங்கிறதுக்காகக் கிழிங்க. அதைக் காரணமா எழுதிக் கிழிங்க. கம்பெனி சாமானை வெளிய கொண்டு போனது நான். எனக்கு ஒரு மெமோ குடுங்க.”

மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். “குடுக்கணும்னாலும் முடியாதும்மா. ஸ்டாஃபுக்கு அந்த ஃபாரமே கிடையாது. மெமோ ஃபாரத்துல முதல் கட்டமே டோக்கன் நம்பர். உங்களுக்குத்தான் டோக்கன் இல்லையே.”

உண்மைதான். அவளுடைய பழைய டோக்கனை, ஆயிரத்து நூற்றுப் பதினேழு என்று தொழிலாளி நம்பர் பொறித்த வில்லையை, பதவி வந்த அன்றே திருப்பி வாங்கிவிட்டார்கள். அதைக் கொடுத்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

“அப்ப வெள்ளைத் தாள்ல நானே எழுதித் தர்றேன் சார். ஃபைல்ல வைங்க.”

எழுதினாள். என்ன தேதியில், என்ன சாமானை, எந்தக் கேட் வழியாக, யாரும் சோதிக்காமல் கொண்டு போனாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விஷயம் மத்தியானத்துக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் உதவி மேனேஜர் காது சிவக்க அவள் மேஜைக்கு வந்து, “நானும் எழுதணுமா மேடம்?” என்று கேட்டார். “உங்க இஷ்டம் சார்” என்றாள். அவர் எழுதவில்லை. ஸ்க்ரூடிரைவரை மட்டும் மறுநாள் கொண்டு வந்து ஸ்டோரில் போட்டார்.

மெமோ ரத்தானது. கணவர் லேத்துக்குத் திரும்பினார். அவள் சாயங்காலம் ஸ்டாஃப் பஸ்ஸை விட்டுவிட்டு, இரண்டாவது கேட் வரிசையில் பையைத் திறந்து நிற்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் நின்றிருப்பாள். ஒருநாள், அவளோடு முன்பு ஒரே மேஜையில் அளவு பார்த்த அக்கா வரிசையிலிருந்து அவளை வெளியே இழுத்தாள்.

“எதுக்குடி இங்க வந்து நிக்கிற? உன் பையைத் தடவுனா எங்க பை லேசாகிடுமா?”

“மனசு கேக்கலக்கா.”

“உன் மனசு உன்னோட. நாங்க தினமும் நிக்கிறோம், ஆசைப்பட்டா நிக்கிறோம்? நீ உன் பஸ்ல சொகுசா போ. போயிட்டு, மாடியில உக்காந்து பேச வேண்டியதைப் பேசு. எங்களை அங்க விட மாட்டாங்க, உன்னை விடுவாங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், இந்த ஒரு வாரமும் வரிசையில் நின்றதில் அவளுக்கு மட்டும்தான் ஏதோ லாபம் இருந்தது.

அதற்குப் பிறகு மாடியில் நடக்கிற ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும், கடைசி ஐந்து நிமிஷத்தில், மில்லி கை தூக்குவாள். சாமான் வெளியே போனால் இரண்டு கேட்டுக்கும் ஒரே சோதனை, ஒரே விசாரணை வேண்டும் என்பாள். நாலு கூட்டம் கேட்டாள். ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கப்பா’ என்று சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்த வருஷச் சம்பள உயர்வில் அவள் பெயர் பட்டியலின் கடைசியில் இருந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஐந்தாவது கூட்டத்துக்குப் பிறகு நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள்: விளக்கம் கேட்காமல் யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது, ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். முதல் கேட்டில் சோதனை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கணவர் டீ இடைவேளையில் நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று, அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்.

“பாதிதான் குடுத்திருக்காங்க” என்றார் அன்று வீட்டில்.

“பாதிதான்” என்றாள் அவள். “அடுத்த கூட்டம் பன்னண்டாம் தேதி.”