மாவட்டப் பக்கம்

பேப்பர் கட்டின் சணலை அபிஷா பல்லால் கடித்து இழுத்தாள்.

“பொறு பாப்பா, கத்தி வச்சிருக்கேன்ல,” என்றார் ஏஜெண்ட் பால்சாமி. அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் அப்போதுதான் கட்டு இறங்கியிருந்தது.

மூன்றாம் பக்கத்தில் அப்பா இருந்தார். ‘நிருபர் செல்வதுரை மரணம். இன்று காலை நல்லடக்கம்.’ நேற்று மதியம் அவர் மூச்சு நின்றதும், அவருடைய போனிலிருந்தே அவள் அனுப்பிய செய்தி. திருச்சுழி வட்டாரத்துக் கொலை, கோயில் கொடை, மழை எல்லாவற்றையும் அவர் எழுதியது இந்தப் பேப்பருக்குத்தான். ஒரு காலத்தில் மதுரை பஸ்ஸில் கவர் கொடுத்து அனுப்புவார். பிறகு ஃபேக்ஸ் வந்தது. கடைசியில் வாட்ஸ்அப்.

நேற்றே அடக்கம் செய்துவிடலாம் என்றார்கள். அவள்தான் விடவில்லை. “பேப்பர்ல வரட்டும். அண்ணன் பாத்துட்டு வந்துரும்.”

அண்ணன் ஜோஸ்வா லாரி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு ஓட்டி ஒருவரை இடித்தபோது அந்தச் செய்தியையும் அப்பாவே எழுதினார். ‘செல்வதுரை மகன் ஜோஸ்வா’ என்று எதையும் மறைக்காமல். “ஊரான் பிள்ளைக பேரெல்லாம் போட்டுட்டு எம்பிள்ளை பேரை எப்படி விடுவேன்?” ஜாமீனில் வந்தவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்: “இனிமே உங்க சேதிய நான் பேப்பர்ல பாத்துக்கிறேன்.” நம்பரையும் மாற்றிவிட்டான். தூத்துக்குடி லாரி ஸ்டாண்டில் பார்த்ததாக யாரோ சொன்னதோடு சரி.

“தூத்துக்குடிக்கு இந்நேரம் போயிருக்கும்ல அண்ணாச்சி?”

பால்சாமி கத்தியை மடக்கினார். “இது அங்க போகாதே பாப்பா. மாவட்டப் பக்கம்ல? நம்ம மாவட்டத்தோட சரி. அந்த ஊர்க்காரனுக்கு இந்த இடத்துல அவன் ஊர்ச் சேதி இருக்கும்.”

அவளுக்குத் தெரியாததா? ‘முன்னெல்லாம் திருச்சுழியில கண்மாய் உடைஞ்சா கன்னியாகுமரிக்காரன் படிப்பான். இப்ப பக்கத்து மாவட்டத்தானுக்கே தெரியாது’ என்று அப்பா எத்தனை முறை அலுத்துக்கொண்டிருக்கிறார்! நேற்று அது அவள் மண்டையில் உறைக்கவில்லை. அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தது இந்தப் பக்கத்துக்காகவா?

“அந்த ஊர் ஏஜெண்டுக்குப் போன் போடுங்க அண்ணாச்சி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

தூத்துக்குடி ஏஜெண்ட் சகாபுதீன் பொறுமையாகக் கேட்டார். “அடிச்ச பேப்பரை மாத்த ஏலாது தங்கச்சி. கடையில தொங்கவிடுற போஸ்டர் இருக்குல்ல, அது முதுகுல எழுதி ஸ்டாண்டு டீக்கடையில கட்டிவிடுறேன். என்ன எழுத?”

“‘திருச்சுழி நிருபர் செல்வதுரை...’” என்று தொடங்கியவள் பாதியில் மாற்றினாள். “அதெல்லாம் வேண்டாம்ணே. ‘ஜோஸ்வாண்ணே, அப்பா போயிட்டாக. வந்துரு’ன்னு எழுதுங்க.”

வீட்டில் ஐஸ் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மா இன்பராணி நிமிர்ந்தாள். “பேப்பர்ல வந்துருச்சா?”

“வந்துருச்சும்மா.”

“அப்ப வந்துருவான்.”

அபிஷா பேப்பரை மடித்து அம்மா கையில் கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்து முடித்தும் அம்மா மண் போட விடவில்லை. ரோட்டில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் திரும்பின. வெயில் ஏறியது. “போதும் மதினி,” என்றார் சித்தப்பா. மண் விழத் தொடங்கியது.

அபிஷாவின் போன் அதிர்ந்தது. சகாபுதீன் படம் அனுப்பியிருந்தார். டீக்கடைக் கம்பியில் போஸ்டர், காற்றில் ஒரு முனை மடங்கியிருந்தது. அதற்குப் பின்னால் வரிசையாக லாரிகள். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி முதல் லாரியின் கண்ணாடிக்குள் பார்த்தாள். பிறகு அடுத்த லாரிக்கு நகர்த்தினாள்.