பச்சை ரூமுக்கு ஒரு சூடம்

பரமத்தி வேலூரில் சென்னியப்பனின் வாழைத்தார் மண்டிக்குப் பின்னால் காற்றுப் புகாத சின்ன அறை ஒன்று இருந்தது. ஆராய்ச்சிக்காரி தனப்பிரியா அதில் பூவன் தார்களைத் தொங்கவிட்டு, பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளியேற்றி, நைட்ரஜனை நிரப்பியிருந்தாள். காயின் மூச்சைக் குறைத்தால் அது பழுப்பது தள்ளிப்போகும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வெளியே தொங்கிய தார்கள் பழுத்துக் கறுத்து மாட்டுத் தொட்டிக்கே போய்விட்டன. உள்ளே இருந்தவை வெட்டிய அன்றைக்கு இருந்த பச்சையிலேயே இருந்தன. மண்டிக்காரர்கள் அதற்குப் பச்சை ரூம் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

தனப்பிரியாவுக்கு அந்தக் காய்களின் மேல் அப்படி ஒரு கிறுக்கு. "கதவைத் தொறந்தாக் காயெல்லாம் கெட்டுப்போயிருமுங்க, தொறந்தாலும் ஒடனே இழுத்துச் சாத்திருங்க" என்று மண்டிக்குள் நுழைகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள். சென்னியப்பனின் மனைவி காளியாத்தாளிடம் தினமும் சொன்னாள். மனுஷருக்கு என்ன ஆகும் என்பதையும் சொன்னாள்தான், ஒரே ஒரு தடவை, சென்னியப்பனிடம் மட்டும். "உள்ள போனா மயக்கம் வருமுங்கண்ணா." உயிரே போய்விடும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அறையைத் தரமாட்டார்களே! படித்தவளின் சாமர்த்தியம் அது. அவரும் தலையாட்டிவிட்டுச் சாவியை மண்டி ஆணியில் மாட்டினார், அதோடு மறந்தும் போனார்.

ஆயுதபூஜை வந்தது. தராசு, தார் வெட்டும் கத்தி, லாரி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. அந்த மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. தொழில் நடக்கும் அறை ஒவ்வொன்றுக்குள்ளும் சூடம் காட்ட வேண்டும், ஒன்றை விட்டாலும் அந்த வருஷம் விளங்காது என்பார்கள். தனப்பிரியா பொரியைக் கொறித்துக்கொண்டே, மீட்டரைப் பார்த்துவரலாம் என்று பின்பக்கம் போனாள்.

அறைக்கு வெளியே மாட்டியிருந்த மீட்டரில் பிராணவாயுவின் அளவு ஏறியிருந்தது. நைட்ரஜன் தானாக உள்ளே புக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. எவரோ கதவைத் திறந்து மூடியிருக்கிறார்கள்! எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறாதா இந்த ஜனங்களுக்கு? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் கதவைப் பார்த்தாள். ஈரம் காயாத குங்குமம். கீழே, ஜோடியாகக் கழற்றி வைத்த காளியாத்தாளின் செருப்பு.

கோபம் போன இடம் தெரியவில்லை. கையிலிருந்த பொரி சிதற, கதவை இழுத்துத் திறந்தாள். வாசலிலிருந்து நான்கைந்து அடி உள்ளே காளியாத்தாள் குப்புற விழுந்துகிடந்தாள். பக்கத்தில் தட்டு, அணைந்துபோன சூடம், தலை மட்டும் கருகிய தீக்குச்சிகள்.

"அண்ணா! ஓடியாங்க!"

ஓடிவந்த சென்னியப்பன் மனைவியைக் கண்டதும் உள்ளே பாய்ந்தார். தனப்பிரியா வாசலின் குறுக்கே விழுந்து மறித்தாள்.

"போவாதீங்க! உள்ள காத்தே இல்லீங்க! போனா நீங்களும் உழுந்துருவீங்க!"

"உடு அம்மிணி! எம் பொண்டாட்டி கெடக்கறா!"

அவர் ஒரே தள்ளாகத் தள்ளினார். அவள் கதவுச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து செத்துப்போன கதைகளைப் படித்தவள் அவள். ஆனால் கண்ணெதிரே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்க, இன்னோர் உயிரைத் தடுத்து நிறுத்துவது எப்படி இருக்கும் என்று எந்தப் படிப்பும் அவளுக்குச் சொல்லவில்லை.

"கொக்கிக் கம்பு! தார் இழுக்கற கம்பை எடுங்கண்ணா!"

அவருக்கு அப்போதுதான் புத்தி வந்தது. வெளியே நின்றபடியே கம்பை நீட்டி, கொக்கியைக் கணுக்காலில் மாட்டி இழுத்தார். கொலுசு அறுந்து உருண்டது. இரண்டாம் இழுப்பில் காளியாத்தாள் வாசலைத் தாண்டி வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பு அசையவில்லை.

தனப்பிரியா அவளைப் புரட்டிப் போட்டு, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஊதினாள், பார்த்தாள், மறுபடி ஊதினாள். 'என் காயெல்லாம் அழுகிப் போகட்டும், இவள் மட்டும் எழுந்துவிடட்டும்' என்று உள்ளுக்குள் எந்தச் சாமியையோ கெஞ்சினாள். சென்னியப்பன் ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போட்டுவிட்டு, போன் பிடித்த கையோடு தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு விக்கல் வந்தது. பின்னாலேயே இருமல். காளியாத்தாள் கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாள், பிறகு தன் மேல் குனிந்து அழுதுகொண்டிருந்த முகத்தை அடையாளம் கண்டாள்.

"ஏத்திக் கொண்டாந்த சூடம் உள்ளார வந்ததும் அணைஞ்சு போச்சு சாமி," என்றாள், குரலே எழும்பாமல். "அபசகுனமாப் போச்சேன்னு மறுக்காப் பத்தவெச்சேன். பத்தவே மாட்டேன்னுருச்சு."

"பேசாதீங்கக்கா. மூச்சை நல்லா இழுத்து உடுங்க."

"நீ எதுக்கு அழுவுற?" காளியாத்தாள் தட்டுத்தடுமாறி அவள் கையைப் பிடித்தாள். "உன் காய்க்கு ஒண்ணும் ஆயிருக்காது. உள்ளார போனதும் கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டுத்தான் சாமி தீக்குச்சியவே எடுத்தேன்."

தனப்பிரியா தினமும் சொல்லிக்கொடுத்ததைத்தான் அந்த அம்மாள் ஒன்று விடாமல் செய்திருந்தாள்.